வேலியைப் பிடுங்கிவிடாதே

காங்கேயம்,
ஆவணி 20

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு நிம்மதியானது. ஒரு மாதமாவது தோட்டத்துத் தூசியில் நிற்காதே. எனக்கு முழங்கால் வலி போவதும் வருவதுமாக இருக்கிறது. பேத்தி நடக்கப் பழகிவிட்டாள். வாசற்படி தாண்டினால் நேரே ஆட்டுப்பட்டிக்குத்தான் போகிறாள்.

கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தாயே, கிளுவை வேலி ஆளுயரத்தையும் தாண்டிப் போய்விட்டது, பொக்லைன் விட்டுப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்கப் போகிறேன் என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிடுங்காதே. இந்த வைகாசியில் நானும் அதே முடிவில்தான் இருந்தேன்.

அம்மா நட்ட மருதாணி வேலி உனக்கு ஞாபகம் இருக்கும். வீட்டுக்குத் தெற்கே 40 அடி நீளம். ஆடி பிறந்தால் தெருப் பெண்கள் முறத்தோடு வந்து இலை உருவிக்கொண்டு போவார்கள். அம்மா போன பிறகு மூன்று வருஷம் அதன் பக்கம் யாரும் போகவில்லை. 12 அடிக்கு ஏறி, தெருப் பக்கம் சாய்ந்து, அடிக்கட்டை ஒவ்வொன்றும் மணிக்கட்டுக் கனம். மேலே மட்டும் பச்சை. உள்ளே குனிந்து பார்த்தால் வெறும் குச்சியும் முள்ளும். உச்சி தழைத்துக் குடை பிடித்துவிட்டால் கீழே வெயில் விழாது, வெயில் விழாத கிளையில் இலை நிற்காது. வேலி கீழே ஓட்டையாகி ஆடு நுழைந்தது அதனால்தான்.

வேளாண்மை படித்த என் மகள்தான் தடுத்தாள். ராஜஸ்தானில் பாலி மாவட்டத்து சோஜத் பக்கம் மருதாணியைப் பயிராகவே வைக்கிறார்களாம். வருஷாவருஷம் தரையை ஒட்டி அறுத்து இலை எடுக்கிறார்கள், அதே வேர் மறுபடி தழைக்கிறது. 2021இல் சோஜத் மருதாணிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அப்படி அறுத்தும் தழைக்கிற செடி நம் வீட்டில் மட்டும் பட்டுப்போகுமா என்று கேட்டாள். ஆனால் ஒரேயடியாக மொட்டையடிக்க வேண்டாம், மூன்று கட்டைக்கு ஒன்றாக இந்த வருஷம், மற்றவை அடுத்தடுத்த வருஷம் என்றாள். வேலி வேலியாகவும் இருக்கும், ஆடிக்கு இலையும் இருக்கும்.

முதல் கட்டையில் பெரிய தப்புச் செய்தேன். கொடுவாளை எடுத்து மேலிருந்து போட்டேன். பாதி வெட்டுப்படும்போதே கிளை தன் கனத்துக்கு ஒடிந்து, பட்டை ஒரு முழ நீளத்துக்கு உரிந்துகொண்டு வந்துவிட்டது. அம்மா கையால் வைத்த செடி. அன்று அதற்கு மேல் ஓடவில்லை. மறுநாள் மடக்கு ரம்பம் வாங்கி வந்தேன். கனத்த கிளைக்கு முதல் அறுப்பு அடிப்பக்கம், கால்வாசி ஆழம் மட்டும். ஒரு சாண் தள்ளி மேலிருந்து இரண்டாவது. கிளை கீழே விழும், பட்டை உரியாது. மிச்சக் குச்சியைக் கடைசியாக, கிளை தாய்க்கட்டையில் சேரும் இடத்தில் சற்றே புடைத்திருக்கும் பார், அந்தப் புடைப்பை விட்டு வெளியே அறுக்க வேண்டும். அதைத் தொட்டுவிடக் கூடாது, குச்சியை நீட்டி விட்டுவிடவும் கூடாது. வெட்டுவாயை மூடும் வளர்ச்சி அந்தப் புடைப்பிலிருந்துதான் வருகிறது.

வெட்டுவாயில் சாணி அப்பட்டுமா என்றேன், மகள் வேண்டாம் என்றாள். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் பிளந்து பார்த்தவராம். நம் தோல் போல மரத்துக்குப் புண் ஆறுவதில்லை. பழுதான இடத்தைச் சுற்றித் தடுப்புப் போட்டு அடைத்துவிட்டுப் புதிதாக மேலே வளர்கிறது என்று காட்டியவர் அவர். மேலே பூசுவது அதற்குப் பெரிதாக உதவாது. எனக்கு இதில் முழுச் சம்மதமில்லை, அப்பாரு காலத்திலிருந்து சாணி வைத்தவர்கள் நாம். ஆனாலும் பூசாமல் விட்டேன். இன்று வரை ஒரு கட்டையும் அழுகவில்லை.

நடுவில் வேலை 20 நாளுக்கு மேல் நின்றது. ஐந்தாவது கட்டையை விலக்கும்போது சின்னான் குருவியின் கூடு, உள்ளே மூன்று முட்டை. குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை அந்தப் பக்கமே போகவில்லை. நீ ஆரம்பிக்குமுன் உன் வேலியை ஒருமுறை நிதானமாக விலக்கிப் பார்த்துவிடு. அடியில் சருகு மெத்தையாகக் கிடக்கும். கையை விடாதே, தடியால் தட்டு.

முழங்கால் உயரத்துக்கு அறுத்த கட்டைகள் ஒரு மாதத்தில் துளிர்த்துவிட்டன. இப்போது இடுப்பளவு. இனி அடி அகலமாகவும் உச்சி ஒடுங்கியும் இருக்கும்படி கவாத்து செய்யப் போகிறேன், கீழே வெயில் படுமல்லவா. ஆடி 18க்குத் தெருப் பெண்கள் வந்தார்கள். வெட்டாத பக்கத்தில் வேண்டிய மட்டும் உருவிக்கொண்டார்கள். கனத்த கட்டை இரும்பு மாதிரி இருக்கிறது. இரண்டு களைக்கொத்துக்குப் பிடி போட்டேன்.

உன் கிளுவை இதைவிடச் சுலபம். வெட்டுகிற கனத்த கிளையே உனக்குப் போத்து, அப்படியே மண்ணில் நட்டால் தழைத்துவிடும். நம் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டு வேலியெல்லாம் அப்படி நட்டு வந்ததுதானே? புரட்டாசியில் மூன்றில் ஒரு பங்கு வெட்டி, நேரான போத்தாகப் பார்த்துச் சந்து விழுந்த இடத்தில் நட்டால் ஐப்பசி மழையில் வேர் பிடித்துக்கொள்ளும். கம்பிக்கும் கல்லுக்கும் செலவழிக்கிற பணத்தைக் கிணற்று வேலைக்கு வை.

புரட்டாசி இரண்டாவது வாரம் நான் வருகிறேன். ரம்பம் பையில் அடங்கிவிடும். பொக்லைன்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேட்டு வாங்கு. தங்கச்சிக்கு மருதாணி இலை ஒரு பை கொண்டு வருகிறேன் என்று சொல்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்