மருமகன் பிடித்து வரும் மீன்

அன்பின் மகேசன்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். பிள்ளைத்தாச்சியான உன் மகள் தர்சினி, மருமகன் பிடித்து வரும் மீனைச் சாப்பிடலாமா என்று நீ கேட்ட விஷயத்துக்கே முதலில் வருகிறேன். இல்லாவிட்டால் உன் மனைவி நித்திரை கொள்ள மாட்டார்.

போன ஞாயிறு தர்சினி வீட்டுக்குப் போனேன். பிள்ளை சுகமாக இருக்கிறாள், பயப்பட ஒன்றுமில்லை. மருமகன் சனிக்கிழமைகளில் தூண்டிலோடு ஏரிக்கரைக்குப் போகிறார் என்பது உண்மைதான். இப்போது புரட்டாதி. சினூக் சால்மன் ஒன்ராறியோ ஏரியை விட்டு ஆறுகளில் ஏறுகிற காலம். பிரீசரைத் திறந்து காட்டினார். கைமுழம் தாண்டிய மீன்கள் துண்டு துண்டாகப் பையில் கிடக்கின்றன, தலையும் சினையும் தனித்தனிப் பையில். பெடியனுக்குப் பெருமை தாங்கவில்லை.

பிள்ளைத்தாச்சிக்கு இந்த மீன் நல்லதா கூடாதா என்று கேட்டிருந்தாய். என்ன மீன், எவ்வளவு நீளம், எந்தத் தண்ணீர், யார் சாப்பிடுவது என்று நாலையும் கேட்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒன்ராறியோ அரசாங்கம் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிடுகிறது. ஏரியையும் மீனையும் தேடி எடுத்து, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்து பார்த்தால், மாதத்தில் எத்தனை தடவை சாப்பிடலாம் என்று போட்டிருக்கும். ஒரு தடவை என்பது பெரிய ஆளுக்கு 227 கிராம். அதில் இரண்டு வரிசை உண்டு. ஒன்று பொதுவாக எல்லோருக்கும். மற்றது பிள்ளைப்பேற்று வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும். சில பெரிய மீன்களுக்கு நேரே அந்த இரண்டாவது வரிசையில் பூச்சியம்தான்.

இந்த ஏரியில் முக்கியமான பிரச்சினை பிசிபி என்ற நச்சு இரசாயனம். பழைய டிரான்ஸ்போமர் எண்ணெயில் இருந்ததே, அதுதான். கனடா 1977இலும் அமெரிக்கா 1979இலும் தடை செய்துவிட்டன. மீனில் அதன் அளவு அப்போதிருந்ததைவிட இப்போது நன்றாகக் குறைந்துவிட்டது, ஆனால் முற்றாகப் போகவில்லை. அது கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் தோலை உரி, வயிற்றுப் பக்கக் கொழுப்பையும் முதுகுக் கொழுப்பையும் வெட்டி எறி, கொழுப்பு சொட்டி வடிகிற மாதிரி வாட்டு என்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மகேசன், இது சதையை மட்டும் சீவி எடுத்துத் தின்கிறவர்களுக்கு எழுதியது. நாங்கள் தோலோடு துண்டு போட்டு, புளி விட்டுக் குழம்பு வைக்கிறவர்கள். கொழுப்பு எங்கே வடியும்? சட்டியில்தான். அந்தக் குழம்பைத்தான் சோற்றில் விட்டுப் பிசைகிறோம். தலையும் சினையும் கொழுப்புள்ள பகுதிகள், எங்களுக்கு விசேஷமானவையும் அவைதான். தர்சினிக்குச் சினைப் பொரியல் மேல் ஆசையாம். பிள்ளை பிறக்கும்வரை அந்தப் பையைத் தொடாதே என்று சொல்லிவிட்டேன். முகத்தைச் சுழித்தாள், கேட்டுக்கொண்டாள்.

மீனில் சேரும் மற்ற நஞ்சு பாதரசம். அது வேறு மாதிரி. அது சதையிலேயே ஏறி நிற்கும். தோலை உரித்தாலும் வாட்டினாலும் போகாது. சேற்றிலுள்ள பக்டீரியா அதை மெதைல் பாதரசம் என்ற, உடம்பில் சேர்ந்து தங்கும் நஞ்சாக மாற்றும். அது சின்னப் பூச்சிக்குள் போய், அதைத் தின்ற சின்ன மீனுக்குள் போய், அதைத் தின்ற பெரிய மீனுக்குள் பல மடங்காகச் சேரும். ஆகவே மீன் தின்னும் மீன்தான் மோசம்: பிக்கரல், பைக், பெரிய ட்ரவுட். மருமகன் என்னிடம், "மாமா, வடக்கே போனால் தண்ணீர் கண்ணாடி மாதிரி, ஒரு பயமும் இல்லை" என்றார். அது தவறு. மனிதரே இல்லாத வடக்கு ஏரிகளிலும் பெரிய பிக்கரலுக்குக் கட்டுப்பாடு உண்டு. நிலக்கரிப் புகையோடு கிளம்பும் பாதரசம் காற்றில் பறந்து மழையோடு வந்து விழுகிறது. ஒன்ராறியோ கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2014இல் மூடியது, ஆனால் காற்றுக்கு எல்லை ஏது?

வடக்கு என்றதும் கிராஸி நாரோஸ் நினைவுக்கு வருகிறது. இங்கே செய்தியில் அடிக்கடி அடிபடும் பழங்குடி ஊர். டிரைடன் என்ற இடத்துக் காகித ஆலை 1962 முதல் 1970 வரை ஏறக்குறைய 9 தொன் பாதரசத்தை வாபிகூன் ஆற்றில் விட்டது. அந்த மக்களுக்கு பிக்கரல்தான் சாப்பாடு, அதைப் பிடிப்பதும் மீன்பிடிக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுவதும்தான் தொழில். 1970இல் மீன்பிடித் தொழிலை நிறுத்தினார்கள், வேலையும் போனது. பாதரசம் ஏறிய மீனைத் தின்றதால் ஜப்பானில் வந்த மினமாட்டா நோயை ஆராய்ந்த ஹரதா மசஸூமி என்ற ஜப்பானிய வைத்தியர் 1975இல் அங்கே வந்து, அதே நோயின் அறிகுறிகளைப் பார்த்தார். ஆற்றைச் சுத்தம் செய்ய 8.5 கோடி டொலர் தருகிறோம் என்று மாகாண அரசு சொன்னது 2017இல்! எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். கலந்தவன் போய்விடுவான். அளவுநாடா பிடித்து மீனை அளப்பது தின்கிறவன் வேலையாகிவிடும். மருமகனுக்காவது பலசரக்குக் கடை இருக்கிறது, அந்த மக்களுக்கு அந்த ஆற்றை விட்டால் என்ன இருந்தது?

சரி, உன் மனைவிக்குச் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். மீனையே நிறுத்தச் சொல்லவில்லை. வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு மீன் கொழுப்பு வேண்டும். இங்கே எங்கள் கடைகளில் சூடையும் நெத்தலியும் பிரீசரில் கிடைக்கின்றன. சின்ன மீன், பாதரசம் குறைவு, குழம்புக்கும் தோது. மருமகன் பிடித்ததில் பேர்ச் இருந்தால், சின்னதாகப் பார்த்து, அட்டவணைப்படி சாப்பிடலாம். பெரிய சால்மனை அவர் தன் கூட்டாளிகளோடு தின்னட்டும், அதுவும் தோலை உரித்து. இதுவரை சாப்பிட்டதை நினைத்து அவளை அழவைக்க வேண்டாம். அடுத்த முறை டொக்டரிடம் போகும்போது சொல்லட்டும், அது போதும்.

இரணைமடுவில் இந்த வருடம் தண்ணீர் எப்படி? நீ எழுதவே இல்லை. விசாவுக்குக் கொடுத்துவிட்டாயா? தை பிறக்க முன் வருவதென்றால் தடித்த சப்பாத்து அங்கே வாங்காதே, ஒன்றுக்கும் உதவாது. என்னுடையது ஒரு சோடி இருக்கிறது, உன் காலுக்கு அளவாக இருக்கும்.

அன்புடன்,
குணம்