பெட்டி தந்த மீன்காரக் காக்காவுக்கும் கூட நின்ற எல்லாருக்கும்

அன்புள்ள தம்பிலுவில் சொந்தங்களே,

ஜூன் 1ஆம் திகதி விடியப்புறம் 5.30க்கு முதல் ஓணான் குஞ்சு மூக்கை வெளியே நீட்டியது. இதை எழுதும் இப்போது ஒன்பதும் வெளியே வந்து, வேலியோரச் செவ்வரத்தைக்குள் போய்விட்டன. நான் இன்னும் ஒழுங்காகத் தூங்கவில்லை. மனம் ஆறிய பிறகு எழுதினால் சொல்ல வேண்டியதில் பாதி விட்டுப்போகும் என்று இப்போதே எழுதுகிறேன்.

ஏப்ரல் 19இல் நான் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நீங்கள்தான். அதை மறுபடி விளக்கத் தேவையில்லை. கழுத்தில் ஈர்க்குச் சுருக்கோடு பொடியன்கள் கொண்டுவந்த ஓணான், காயம் ஆறும் வரைக்கும் என்று நான் கண்ணாடித் தொட்டியில் வைத்திருந்தது, தனியாகவே கிடந்தது, அது முட்டை இடும் என்று எனக்கு எப்படித் தெரியும்? பிடிபட முந்தியே சினைப்பட்டிருந்திருக்கிறது. தோண்டுவதற்கு மண் இல்லாமல் அது இரண்டு நாளாகக் கண்ணாடியைப் பிறாண்டியதை, வெளியே போகத் துடிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் பார்த்தால் வெறுந் தரையில் 14 முட்டை. நான்கு ஏற்கெனவே காய்ந்து சுருங்கியிருந்தன. அந்த நான்கையும் நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

காக்கா, உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், போடவில்லை. ஆனால் திருக்கோவில் கரையில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி எங்கள் வீதியால் வருகிற உங்களை இங்கே தெரியாதவர் யார்?

அன்று நான் மீன் வாங்க வெளியே வரவில்லை. உங்கள் ஹோர்ன் சத்தத்துக்கு, இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். கையில் கரண்டி. அதில் ஒரு முட்டை. "இதென்ன டீச்சர், பல்லி முட்டையா?" என்று கேட்டீர்கள். நான் சொல்லி முடிக்க முந்தியே இறங்கி வந்து, "பிரட்டப்படா, பிரட்டப்படா! மேல கிடந்த பக்கம் மேலயே கிடக்கட்டும்" என்றீர்கள். கோழி முட்டையை அடைக்கோழி உருட்டி உருட்டி வைக்கும். இது வேறு சாதி. உள்ளே பிடிக்கிற கரு மேல் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளுமாம், புரண்டால் செத்துப்போகுமாம். உங்கள் வாப்பா, கடல் அரித்த ஆமைக் கூட்டிலிருந்து முட்டைகளை அப்படித்தான், கிடந்தபடியே தூக்கி மேட்டுக்கு மாற்றுவாராம். அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்த பிள்ளை நீங்கள். ஆமை முட்டையைத் தொடுவதே 1972இலிருந்து சட்டப்படி குற்றம் என்று நான் வகுப்பில் படிப்பித்திருக்கிறேன். அதைக் காப்பாற்றுகிற கை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விடைத்தாள் திருத்தும் பென்சிலை எடுத்து ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் ஒரு புள்ளி வைத்தேன். பேனா வேண்டாம், மை உள்ளே ஊறும் என்றதும் நீங்கள்தான். ஓடு ஓடு மாதிரியே இல்லை. நனைத்த தோல் போல, நகம் பட்டால் பள்ளம் விழும் போல இருந்தது. சுண்டுவிரல் நுனிக்கணு அளவுதான் ஒவ்வொன்றும்.

பிறகுதான் கச்சான் என்கிற சூட்டுக் காற்றைப் பற்றிப் பேச்சு வந்தது. பகலில் தகரக் கூரைக்குக் கீழே குசினி வேகும், விடியற்காலையில் குளிரும். இப்படி ஏறி இறங்கினால் தாங்காது என்று நீங்கள் சொல்லிக்கொண்டே மோட்டார் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றியிருக்கவும் மாட்டாது. கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, மீனையும் ஐசையும் சாக்கில் மாற்றிப் போட்டு, சூடும் குளிரும் சட்டென்று உள்ளே ஏறாத அந்த ரெஜிபோம் (தெர்மாகோல்) பெட்டியோடு போனீர்கள். பின்னேரம் நான்கு மணிக்கு அது வந்தது. சாம்பலும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்து, மீன் வாடை துளியும் இல்லாமல். "வாடை கிடந்தா எறும்பு வரும் டீச்சர்."

அதற்குப் பிறகு 43 நாளும் நீங்கள் சாக்கில்தான் மீன் விற்றீர்கள். ஐஸ் கரைந்து சாக்கு சொட்டச் சொட்ட எங்கள் வீதியால் போவதைத் தினமும் படலையடியில் நின்று பார்த்தேன். பத்து மணிக்கு முந்தியே ஐஸ் முடிந்து, மிச்ச மீனை வந்த விலைக்குக் கொடுத்த நாட்கள் உண்டு என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். புதுப் பெட்டிக்குக் காசு நீட்டினேன். "உயிர் வெளியில வரட்டும், மறுகா பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

மற்ற எல்லாருக்கும் சேர்த்துச் சொல்வதைக் குறை நினைக்க வேண்டாம். பெட்டியின் கீழே வைக்கத் தயிர்ச்சட்டி நான்கு தந்து, எறும்பு ஏறாமல் அவற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கச் சொன்ன பக்கத்து வீட்டு மாமி, ஆற்று மணல் அரித்துக் கொண்டுவந்த தம்பிமார், வெப்பமானி இரவல் தந்த விஞ்ஞான சேர், ஆறு கிழமை பூனையை வீட்டுக்குள் பூட்டி வைத்த குடும்பம், தாய் ஓணானுக்குக் கறையானும் வெட்டுக்கிளியும் பிடித்து வந்த நான்காம் வகுப்புப் பிள்ளைகள், தொலைபேசியில் பொறுமையாகப் பேசி, காட்டுச் சீவன், காயம் ஆறினதும் விட்டுவிடுங்கள் என்று சொன்ன வனஜீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர். அவர் சொன்னபடியே பத்தாம் நாள் தாயை முருங்கையில் விட்டேன். விலா ஒட்டிப்போய் இருந்தது. திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனது. முட்டையை மண்ணில் மூடிவிட்டுப் போவதோடு அதன் வேலை முடிகிறது. அந்த மண்ணைத்தான் நான் கொடுக்காமல் விட்டேன்.

மணலைக் கைக்குள் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு தினமும் ஓரத்தில் மட்டும் தெளித்தேன். முட்டைகள் ஈரத்தை உறிஞ்சிப் பருத்தன. நான் வைத்த பென்சில் புள்ளிகளும் கூடவே அகன்றன. ஒன்று மட்டும் மஞ்சளித்துப் பூஞ்சணம் பிடித்தது. அதை எடுத்துப் புதைத்தேன்.

கடைசி இரவு ஓட்டில் வியர்வை போலத் துளித்துளியாக நீர். பிறகு முட்டை தளர்ந்து, பிளேட்டால் கீறியது போல ஒரு கோடு. அதற்குள்ளிருந்து ஒரு மூக்கு. மூக்கில் ஒரு மணல். அந்த மணலைத் தட்டிவிடக்கூடத் தெரியாமல் ஒரு மணித்தியாலம் அப்படியே இருந்தது. பிறகு ஒரே ஓட்டம்.

சின்ன வயதில் நானும் ஈர்க்குச் சுருக்குப் போட்டிருக்கிறேன். இனி என் வகுப்பில் ஒரு பிள்ளையின் கையிலும் அது இருக்க விடமாட்டேன். இது நான் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்ட சத்தியம்.

காக்கா, பெட்டியைச் சாம்பல் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்துத் திண்ணையில் வைத்திருக்கிறேன். உள்ளே புதுக் கயிறும் இருக்கிறது. நாளைக்கு இந்தப் பக்கம் வரும்போது ஒரு ஹோர்ன் அடியுங்கள். சாளை இருந்தால் ஒரு கிலோ எனக்கு.