ஈரம் துடைத்த நாற்காலி

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,

உங்கள் எல்லாருக்கும் கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை, எழுதவும் வேண்டியதில்லை. நேற்று அந்த நல்ல செய்தி வந்ததும் வீட்டில் கொஞ்ச நேரம் யாருமே பேசவில்லை. அப்புறம் எல்லாரும் அழுதோம். இன்றைக்குக் கண் விழித்ததும் உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் இந்தச் சூடு ஆறிவிடும்.

போதகர் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நன்றி. எங்களுக்காக உபவாசமிருந்து ஜெபித்த சகோதரிகளுக்கும், இரவில் முறை வைத்துக்கொண்டு துணைக்கு இருந்த வாலிபத் தம்பிகளுக்கும், பிள்ளைகளைத் தங்கள் பிள்ளைகளோடு சேர்த்துப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும் நன்றி. கதவிடுக்கில் பெயரெழுதாத உறையைச் சொருகிவிட்டுப் போனவர்களே, நீங்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது, கர்த்தருக்குத் தெரியும். வேறு நம்பிக்கையில் இருந்தும் "உங்க சாமிகிட்ட நாங்களும் கேட்டுக்கிறோம்" என்று சொன்னவர்களை நான் மறக்கவே மாட்டேன். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து நன்றி சொல்வேன். ஒருவரைப் பற்றி மட்டும் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நேரில் சொன்னால் அவர் நின்று கேட்க மாட்டார்.

நம் ஆலயத்தைப் பெருக்கித் துடைத்து மணியடிக்கும் அண்ணனைத்தான் சொல்கிறேன். பெயர் போட்டால் கூச்சப்படுவார், அதனால் போடவில்லை.

அந்த நாட்களில் என்னால் ஆலயத்துக்குள் உட்கார முடியவில்லை. பாட்டு ஆரம்பித்தாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். யாராவது கையைப் பிடித்து "எல்லாம் நன்மைக்குத்தான்" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம் வேறு. சொன்னவர்கள் அன்பினால்தான் சொன்னார்கள். எனக்குத்தான் அதைத் தாங்கும் பலம் இல்லை. இரவில் தூக்கமும் கிடையாது. ஒரு நாள் விடிவதற்கு முன்னாலேயே எழுந்து நடந்து வந்து, உள்ளே போகாமல் ஆலயத்தின் பின்பக்கம் போனேன். புயலில் சாய்ந்த பெரிய மரத்தை அறுத்துப்போட்டு, அடிக்கட்டையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்களே, அந்த இடம். கட்டைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். புல்லெல்லாம் பனி. எழுந்தபோது சேலை நனைந்திருந்தது. அண்ணன் வாளியோடு அந்தப் பக்கம் போனவர், பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் அதே இடத்தில் ஒரு நாற்காலி கிடந்தது. ஓய்வுநாள் பள்ளி அறையிலிருக்கும் பழைய பிளாஸ்டிக் நாற்காலிதான், ஒரு கை கீறல் விட்டிருக்கும். மூன்றாம் நாள் நான் சற்று முன்னதாகவே வந்துவிட்டதால் அவர் செய்வதைப் பார்த்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து முதலில் நாற்காலியின் முதுகைத் துடைத்தார். பிறகு இரண்டு கைகளையும், உட்காரும் இடத்தையும் துடைத்தார். கடைசியில் குனிந்து, கைப்பிடிக்கு அடியில் சொட்டாமல் தொங்கிக்கொண்டிருந்த துளிகளையும் விரல் விட்டு வழித்துவிட்டார். அங்கே கையை வைத்தால் எனக்குச் சில்லென்று படுமாம். "உட்காரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மணியடிக்கப் போய்விட்டார்.

நான்கு மாதம் இப்படியே நடந்தது. ஒரு நாளும் என்ன ஏது என்று கேட்டதில்லை. ஒரு வசனம்கூடச் சொன்னதில்லை. நாற்காலி ஈரமாக இருந்த நாளும் இல்லை.

தீர்க்கதரிசியாகிய எலியா சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின் கீழே படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சொன்ன இடத்தை அப்போது திரும்பத் திரும்ப வாசித்தேன். அவனிடம் வந்த தூதன் பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டான். அதற்கும் கோபிக்காமல் தூதன் இரண்டாம் தரம் வந்து தட்டினான். அந்த இரண்டாம் தரத்தை இத்தனை வருஷமாக நான் கவனித்ததேயில்லை.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆரம்பத்தில் ஜெபிக்கக்கூட வரவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். இருட்டில் முதலில் ஒரே ஒரு குருவி குரல் கொடுக்கும். கொஞ்ச நேரம் பதிலிருக்காது. பிறகு எங்கிருந்தோ இன்னொன்று, அப்புறம் கூட்டமாக. மத்தேயு சுவிசேஷத்தில் ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவி. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் பார்த்தால் ஒரு குருவி இனாம், விலையே இல்லாதது. அதுவும் தேவனால் மறக்கப்படுவதில்லை என்கிறார் இயேசு. முதலில் குரல் கொடுத்தது அந்த ஐந்தாவது குருவிதான் என்று நானாக நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது.

பனி எல்லா நாளும் ஒரேபோல் விழாது என்பதையும் அங்கேதான் கவனித்தேன். இரவில் வானம் தெளிவாக இருந்தால், திறந்த வெளியில் கிடக்கும் பொருளெல்லாம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்துபோகும். அப்போது காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் முத்து முத்தாய்ப் படியும். மேகம் போர்த்திய இரவில் அவ்வளவு இருக்காது. மரம் நின்றிருந்தால் அந்த இடத்தில் இத்தனை பனி விழுந்திருக்காது. நட்சத்திரம் நன்றாகத் தெரிந்த இரவுக்கு மறுநாள் அண்ணனின் துண்டைப் பிழிந்தால் தண்ணீர் வரும்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் கொடுத்த ஆகாரமாகிய மன்னாவும் பனியோடுதான் வந்தது. பனி நீங்கினபின் தரையில் கிடந்தது. அன்றன்றைக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். ஓய்வுநாளுக்கு முந்தின நாளைத் தவிர மற்ற நாளில் விடியும்வரை வைத்துக்கொண்டால் பூச்சி பிடித்து நாறிவிடும். நான் அதுவரை கர்த்தரிடம் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் ஆறு மாதத்துக்கான பலம். எல்லாம் எப்படி முடியும் என்று தெரிந்தால்தான் இன்றைக்கு எழுந்திருக்க முடியும் என்று நினைத்திருந்தேன். அப்படி எதுவும் கிடைக்கவில்லை. துடைத்த நாற்காலியும் ஒரு மணி நேர வெளிச்சமும்தான் கிடைத்தன. அதை வைத்துக்கொண்டு அன்றைய சாயங்காலம்வரை போக முடிந்தது. அடுத்த நாள் வெறுங்கையோடு மறுபடியும் வந்தேன். "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று எரேமியா புலம்பலில் எழுதியது எருசலேம் இடிந்து கிடந்தபோது. சுகமாக இருந்த காலத்தில் அந்த வசனத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தோம். இடிபாட்டுக்குள் உட்கார்ந்து சொல்லும்போதுதான் அதன் பாரம் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆலயத்தைத் துடைத்து முடித்ததும் வாளியில் மிஞ்சும் தண்ணீரை அண்ணன் அந்த அடிக்கட்டையில்தான் ஊற்றுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. ஒரு நாள் கட்டையின் ஓரத்தில், பட்டையைப் பிளந்துகொண்டு கடுகளவு ஒரு புடைப்பு தெரிந்தது. செம்மண் நிறம். இரண்டு நாளில் அது கூர் விட்டது. ஒரு வாரத்தில் இரண்டு இலை. எண்ணெய் தடவினதுபோல் மினுமினுவென்று இருந்த அந்த இலைகளை நான் தொடவில்லை, பக்கத்தில் மண்டியிட்டுப் பார்த்தேன். பட்டைக்குள் மொட்டுகள் உறங்கிக்கொண்டே இருக்குமாம். வேர் சாகாமல் இருந்தால், அதில் சேர்ந்திருக்கும் சத்தை எடுத்துக்கொண்டு அவை கிளம்பிவிடும்.

வெட்டுண்ட மரம் "தண்ணீரின் வாசனையினால்" துளிர்க்கும் என்று, எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபு சொல்கிறான். மரத்துக்கு நம்பிக்கை உண்டு, மனுஷனுக்கு இல்லையே என்ற துக்கத்தில் சொன்ன வார்த்தை அது. அவன் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காக ஏங்கினான். இயேசுவின் கல்லறை திறந்ததைக் கேள்விப்பட்ட நான் அதே வசனத்தை வாசித்துவிட்டு அந்தத் துளிருக்கு முன்னால் வெகுநேரம் அழுதேன். நேற்று வந்த செய்தி வேறு மாதிரி வந்திருந்தாலும் அந்தக் காலையில் எனக்குக் கிடைத்தது என்னைவிட்டுப் போயிருக்காது. இதை முழு மனதோடு எழுதுகிறேன்.

இப்போது எனக்கு ஒரே ஒரு பயம்தான். கஷ்டம் தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கி, இந்தக் காலைகளை விட்டுவிடுவேனோ என்று. இயேசுவே இருட்டோடே எழுந்து தனியிடத்துக்குப் போனார். அதற்கு முந்தின சாயங்காலம் வீட்டு வாசலில் பட்டணமே கூடியிருந்தது, அநேகர் சுகமானார்கள். வெற்றியான நாளுக்கு மறுநாள் காலையிலும் அவருக்கு அது தேவைப்பட்டது. ஆகையால் கர்த்தருக்கு முன்பாகப் பொருத்தனை பண்ணியிருக்கிறேன், நான் வருவேன்.

அண்ணே, இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். போன வாரம் பின்பக்கச் சுவரோரம் ஒரு பிள்ளை தனியாக நின்று அழுதுகொண்டிருந்ததை நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். நாளைக்குக் காலையில் இரண்டு நாற்காலி போடுங்கள். துண்டு நான் கொண்டுவருகிறேன்.

கர்த்தருக்குள் உங்கள் அன்புச் சகோதரி