பெரியப்பாவின் வத்தை

ஈசூன், சிங்கப்பூர்

அன்பு மாப்பிள்ளை,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாமே, சந்தோஷம். சொட்டு மருந்துப் பொறுப்பைத் தங்கச்சியிடம் கொடு, உன்னிடம் வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் பெரியப்பாவின் வத்தையை, அந்த மூன்று பாய்மரப் படகை, விறகுக்கு விலை பேசுகிறார்கள் என்று நேற்று சோடா பாய் சொன்னான். கல்யாண வீட்டுப் பிரியாணியைக்கூடப் படம் எடுத்து அனுப்புகிறவன் நீ, இதை மட்டும் ஏன் சொல்லவில்லை? எனக்குக் கோபம்தான்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து முத்துப்பேட்டை அலையாத்திக் காடே சிதைந்து கிடந்தபோதும், வாய்க்கால் சேற்றில் புதைந்து தப்பித்த வத்தை அது. அதையா கோடரியால் பிளக்கப் போகிறார்கள்?

அதில் என்ன இருக்கிறது என்று அண்ணன்மாருக்குத் தெரியவில்லை. நம் லகூனில் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்கூடக் கிடையாது. படகின் அடியில் ஆழமான ஏரா, அதாவது நடு முதுகுக் கட்டை, வைத்தால் தரை தட்டும். அதனால் அடி தட்டை, உடம்பு பெட்டி மாதிரி. ஆனால் தட்டை அடிப் படகு பாய் விரித்தால் காற்றோடு பக்கவாட்டில் வழுக்கும். அதைத் தடுக்கத்தான் பக்கத்தில் இறக்கிவிடும் பலகை. மூன்று பாய்மரமும் காற்றை வாங்கிச் சாயும்போது, காற்று வரும் பக்கம் குறுக்குப் பலகையை நீட்டி ஆள் அதன்மேல் ஏறிப் போவார். சோழகக் காற்று பலமாக வீசினால் இன்னும் தள்ளிப் போக வேண்டும். பெரியப்பா சுக்கானைப் பிடித்துக்கொண்டு "இன்னும் போடா, இன்னும் போ" என்று உன்னை விரட்டுவாரே! சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் நூறு வருடத்துக்கு முன்பே இந்தப் பலகையைப் பற்றி எழுதியிருக்கிறார். உன் எடையைப் பற்றி எழுதவில்லை.

கட்டும் முறையும் லேசுப்பட்டதில்லை. முதலில் வங்குகளை, படகின் விலா எலும்பு மாதிரியான சட்டங்களை, நிறுத்திவிட்டு, அப்புறம்தான் பலகை அடிப்பார்கள். எந்த வங்கு எவ்வளவு அகலம், எங்கே வளைவு தொடங்கும் என்பதெல்லாம் மேஸ்திரியின் கணக்கு. அந்தக் கணக்கு இப்போது மேஸ்திரி தாத்தா தலையிலும் அந்த மரத்திலும்தான் இருக்கிறது. தாத்தாவுக்கு வயது என்ன ஆகிறது, யோசித்துப் பார்.

இங்கே சிங்கப்பூரில் ஆரம்ப காலத்தில் ஆற்றில் சரக்குப் படகு விட்டவர்களில் பெரும்பகுதி நம் கரையிலிருந்து வந்த சூலியாக்கள், அதாவது தமிழ் முஸ்லிம்கள். 1860கள் வரை அவர்கள் கை ஓங்கியிருந்தது. பிறகு சீனர்களின் துவாகோ என்ற சரக்குப் படகு வந்தது, 1983இல் அவற்றையும் ஆற்றைச் சுத்தம் செய்ய அப்புறப்படுத்தினார்கள். துவாகோ எப்படி இருந்தது என்று என் மகளுக்குக் காட்டப் படங்களாவது கிடைக்கின்றன. சூலியாக்கள் ஓட்டிய படகு எப்படி இருந்தது என்று கேட்டாள். என்னால் சொல்ல முடியவில்லை, மாப்பிள்ளை. அது என்னை ரொம்ப வருத்துகிறது.

அண்ணன்மாரிடம் நீயே பேசு. விறகுக் கடைக்காரர் என்ன விலை சொன்னாரோ அதை நான் தருகிறேன். ஒரு கீற்றுக் கொட்டகைக்கும் சேர்த்துத் தருகிறேன், வெயிலில் பலகை வெடிக்காமல் இருக்கட்டும். அப்படியும் சம்மதிக்காவிட்டால், உடைக்கும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு வங்கையும் அளந்து எழுது. பாய்மரம் மூன்றும் நிற்கும் இடம், சாய்வு, பாயைக் கட்டும் பருமல் கழியின் நீளம், அடிப்பலகைக் கனம், எதையும் விடாதே. மேஸ்திரி தாத்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்து அவர் சொல்வதை போனில் பதிவு செய். வெற்றிலைச் செலவு என்னுடையது.

ஞாயிறு ராத்திரி உங்கள் ஊர் ஏழரைக்கு, இங்கே பத்து மணி, கூப்பிடுகிறேன். அதற்குள் அண்ணனைப் பார்த்துவிடு. கணக்கு வாத்தியாருக்கு என் வணக்கம் சொல்.

உன்,
மாப்பிள்ளை