சாட்சியின் பெயரை மட்டும் அடித்தால் போதாது

கடலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இட்லிக் கடை நடத்துகிறார். ஊரைச் சொல்லவில்லை, சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். கடை வாசலில் நடந்த வெட்டுக்குத்தை அவர் பார்த்தபடியே போலீசில் சொன்னார். சில மாதம் கழித்து அந்த வாக்குமூலம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. பெயரின் மேல் பேனாவால் கோடு போட்டிருந்தது. ஆனால் 'பள்ளிக்கூடத்துக்கு எதிரே கடை, கணவர் இல்லை, பெரிய மகள் காலேஜில் படிக்கிறாள்' என்பதெல்லாம் அப்படியே இருந்தது. சின்ன ஊரில் இதற்கு மேல் விலாசம் எதற்கு? மறுநாள் இரண்டு பேர் வந்து, எதுவும் வாங்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள்.

முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது நல்லதுதான். பாலியல் குற்றம் போன்ற வழக்குகளுக்கு அப்போதே விலக்கும் கொடுத்தது. அப்படியிருந்தும் 2024 டிசம்பரில் சென்னை மாணவியின் பாலியல் வன்கொடுமை வழக்கில், அவரது விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே வந்துவிட்டது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். குற்றப்பத்திரிகையைப் பொதுவில் ஏற்றத் தேவையில்லை என்று 2023-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது.

குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாட்சிகளின் வாக்குமூல நகல் கொடுக்கத்தான் வேண்டும். அது அவர் உரிமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த நகல் ஊர் முழுக்கச் சுற்றுவதைத்தான் தடுக்கச் சொல்கிறேன்.

சாட்சிகள் பின்வாங்குவது நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. விருத்தாசலம் அருகே 2003-ல் சாதி மாறிக் கல்யாணம் செய்த முருகேசனும் கண்ணகியும் கொல்லப்பட்ட வழக்கில் தீர்ப்பு வந்தது 2021-ல். பல சாட்சிகள் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சி ஆனார்கள். பதினெட்டு வருஷம் அதே ஊரில், அதே தெருவில் குடியிருந்துகொண்டு ஒருவர் சொன்ன சொல்லில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

எந்தக் காகிதம் பொதுவில் போனாலும், சாட்சியின் பெயரோடு தொழில், தெரு, குடும்ப விவரம், போன் நம்பர் எல்லாவற்றையும் மறைக்கச் சொல்லி ஸ்டேஷன்களுக்கு உத்தரவு போடுங்கள். அப்புறம், 2018-லிருந்து சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையிலான அந்தக் குழுவில் நீங்களும் உறுப்பினர். அப்படி ஒன்று இருப்பதே அக்காவுக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. வாக்குமூலம் வாங்கும் அன்றே அந்த விண்ணப்பத்தையும் சாட்சியின் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூர்வாசி ஒருவர்