மே மாதம் யாருடையது? ஏ.ஐ.சி.டி.இ. தலைவருக்கு ஒரு மேலாண்மை ஆசிரியரின் திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஐயா,

கொங்கு மண்டலத்தில், அண்ணா பல்கலைக்கழக இணைப்புப் பெற்ற தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றின் எம்.பி.ஏ. துறையில் 17 ஆண்டுகளாகப் பாடம் நடத்திவருகிறேன். 2024-25 முதல் பி.பி.ஏ. படிப்பையும் தங்கள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் தன் வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டதால், கலை அறிவியல் கல்லூரிகளில் வணிக நிர்வாகம் கற்பிக்கிறவர்களும் எங்களைப் போலவே தங்கள் படிவங்களுக்குள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். சம்பளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியது உண்டு. ஆனால் நான் முதலில் கேட்க வந்தது மே மாதத்தை.

எம்.பி.ஏ. பேராசிரியர் என்றதும் எங்கள் பக்கத்து மக்கள் மனத்தில் இரண்டு உருவங்கள்தாம் எழுகின்றன. ஒருவர் ஐ.ஐ.எம்.காரர். 1961-இல் அகமதாபாத்திலும் கல்கத்தாவிலும் தொடங்கி 2011-இல் திருச்சிக்கும் வந்துவிட்ட அந்த நிறுவனங்களில் இருப்பவர், பெரிய கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்பவர், வாரம் ஒருமுறை விமானம் ஏறுபவர். மற்றவர், எந்தக் கம்பெனியிலும் நிலைக்காமல் வாத்தியார் வேலைக்கு வந்தவர். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்பது இந்த இரண்டாமவரைப் பற்றித்தான்: வியாபாரம் தெரிந்தால் கடை போட்டிருக்கலாமே, கரும்பலகை எதற்கு? 2024 ஜூலையில் மூன்றாவதாக ஓர் உருவமும் சேர்ந்தது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புப் பெற்ற 224 கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியல்களில் 353 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பணியாற்றுவதாகக் காட்டப்பட்டிருப்பதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட பிறகு, என் மைத்துனர் வீட்டு வாசலில் கால் வைத்ததும் வந்த கேள்வி, "மாப்பிள்ளை, நீங்க எத்தனை காலேஜ்ல இருக்கீங்க?" என்பதுதான். நானும் சிரித்தேன். ஆய்வுக்கு வருகிறவர்கள் தலைகளை எண்ணுவார்கள், அந்தத் தலைக்குரியவர் அன்றாடம் என்ன செய்கிறார் என்று பார்க்கமாட்டார்கள் என்ற துணிவு இல்லாவிட்டால் அப்படி ஒரு பட்டியல் உருவாகியிருக்குமா என்பதைத் தங்கள் யோசனைக்கே விட்டுவிடுகிறேன்.

பந்தியில் வரும் அந்த ஏளனத்தில் ஓரளவு நியாயம் உண்டு. தங்கள் 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, மேலாண்மைத் துறையில் உதவிப் பேராசிரியராக வருபவர் முதுநிலைப் பட்டத்துக்குப் பின் இரண்டாண்டுத் தொழில் அனுபவம் பெற்றிருக்க வேண்டும். நல்ல விதி. பணியில் சேருமுன் திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையின் கொள்முதல் பிரிவில் இருந்ததால் எனக்கும் அந்த அனுபவம் உண்டு. பஞ்சு வணிகத்தின் எடை அளவான கண்டிக்கு 356 கிலோ என்று விலை பேசிய அந்த நாட்களை வைத்துக்கொண்டுதான் இன்றுவரை சரக்கிருப்பு மேலாண்மையை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நான் சொல்லும் அந்த ஆலை இப்போது இல்லை. சேரும்போது கேட்கப்படும் அனுபவத்தை அதன் பிறகு புதுப்பிக்க வழியே இல்லாமல் 30 ஆண்டுகள் பாடம் நடத்தவைத்தால், ஓய்வு பெறும் நாளில் அந்த ஆசிரியர் வகுப்பில் சொல்லிக்கொண்டிருப்பது பழங்கதையாகத்தான் இருக்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நடைமுறை மூலதனம், அதாவது ஒரு தொழில் அன்றாடம் ஓடத் தேவைப்படும் பணம் பற்றிய பாடம், நடத்திக்கொண்டிருந்தேன். மூலப்பொருள் வாங்குவதில் தொடங்கி, உற்பத்தி, சரக்கிருப்பு, விற்பனை, கடன் வசூல் என்று சுற்றி மீண்டும் ரொக்கத்துக்கே வந்து சேரும் வட்டத்தைப் பலகையில் வரைந்து முடித்தபோது, கடைசி வரிசையில் இருந்த திருப்பூர் மாணவர் ஒருவர் எழுந்து, "சார், எங்கப்பா எதையுமே வாங்கறதில்லீங்க. வெட்டின துணி வரும், தெச்சுக் குடுப்போம், அவ்வளவுதான்" என்றார். அவருடைய தந்தை பவர்டேபிள் நடத்துபவர். பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பவர். என் வட்டத்தில் அவர் நிற்க இடமே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். கீழே வீடு, மாடியில் தகரக் கூரையின் கீழ் ஓவர்லாக்கும் ஃபிளாட்லாக்குமாக 14 தையல் இயந்திரங்கள். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அவர் எழுதி வைத்திருந்த கணக்கில் இரண்டே வரிசைகள் இருந்தன: ஒன்று ஒவ்வொரு சனிக்கிழமையும் தையற்காரர்களுக்குக் கொடுத்த கூலி, மற்றொன்று கம்பெனியிலிருந்து பணம் வந்த தேதி. முதல் வரிசை வாரத்துக்கு ஒன்றாக நெருங்கி இறங்க, இரண்டாவதில் 80 நாள், 90 நாள் இடைவெளிகள் கிடந்தன. அந்த இடைவெளியை வீட்டு நகையும் தண்டல்காரரும் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நான் பாடமாக நடத்தும் நடைமுறை மூலதனம் முழுதும் அந்தக் காலண்டர் தாளில் இருந்தது.

2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குரிய பணத்தை, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும் இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும் தராதவர், அதை உண்மையில் கொடுக்கும்வரை தன் வரிக் கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. சிறு தொழிலுக்குப் பெரும் பாதுகாப்பு என்று வகுப்பில் சொல்லிவிட்டு, அதே பெருமிதத்தோடு அந்தப் பவர்டேபிள்காரரிடமும் சொன்னேன். அவர் என்னைச் சற்று இரக்கத்தோடு பார்த்தார். சிறு தொழில் என்பதற்கு அரசு தரும் உத்யம் பதிவு இருக்கிறது என்று சொன்னால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று ஆர்டர் கொடுப்பவர் முன்கூட்டியே சொல்லிவிட்டாராம். சட்டம் இங்கே பணத்தை விரைவுபடுத்துவதற்குப் பதிலாகச் சான்றிதழைப் பெட்டிக்குள் பூட்டவைத்திருந்தது. இதை ஒரு கேஸ் ஸ்டடியாக, வகுப்பில் அலசுவதற்கான உண்மை நிகழ்வுப் பதிவாக எழுத வேண்டும், அதற்கு நான்கு வாரமாவது அந்தத் தெருவில் உட்கார வேண்டும், மே மாதம் வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் மூன்றாவது வாரம் சுற்றறிக்கை வந்தது. ஆசிரியர் ஒவ்வொருவரும் 10 சேர்க்கை கொண்டுவர வேண்டும், எம்.பி.ஏ. துறையினர் பி.இ. முதலாண்டுக்கும் சேர்த்து. பிளஸ் டூ மாணவர்களின் தொலைபேசி எண்கள் அடங்கிய தாள் ஆளுக்கு ஆறு பக்கம் தரப்பட்டது. அவை எங்கிருந்து வருகின்றன என்று நாங்கள் கேட்பதில்லை. காலையில் அழைப்பது, மாலையில் நேரில் போவது. ஒரு கிராமத்தில் மாணவியின் தாய் மோர் கொடுத்து உட்காரவைத்து, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாத்தியாருங்களா? அப்புறம் ஏனுங்க இந்த வெயில்ல வீடு வீடா வர்றீங்க?" என்றார். பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. அன்று அந்த வீட்டுக்கு வந்த நாலாவது கல்லூரி எங்களுடையது. இலக்கு எட்டாதவர்களுக்கு ஜூன் சம்பளம் ஜூலை கடைசியில் வந்தது. வேறு இடத்துக்குப் போய்விடலாம் என்றால், அசல் சான்றிதழ்கள் அலுவலகப் பீரோவில் இருக்கின்றன.

பட்டதாரிகளைப் பிடிக்கும் வேலை எங்கள் துறைக்கென்றே தனியாக இருக்கிறது. பி.காம். கடைசித் தேர்வு எழுதிவிட்டு வருகிறவர்களைக் கல்லூரி வாசலில் மறித்துத் துண்டறிக்கை கொடுப்பதை, சந்தைப்படுத்தல் பாடத்தின் செய்முறையாக எண்ணிக்கொள்ளும்படி எங்கள் முன்னாள் துறைத்தலைவர் ஒருமுறை அறிவுரை கூறினார். நகைச்சுவையாகச் சொன்னார் என்றுதான் இன்னும் நம்ப விரும்புகிறேன்.

சம்பளத்தை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். ஏழாவது ஊதியக் குழுவின்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். எங்கள் துறையில் கடைசியாகச் சேர்ந்தவர் எல்லாப் படிகளும் சேர்த்து வாங்குவது 24,000. வங்கியில் முழுத் தொகை ஏறி, ஒரு பகுதி ரொக்கமாகத் திரும்பிப் போகும் இடங்களைப் பற்றிக் கல்லூரி வட்டாரத்தில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். ஆகவே வங்கிக் கணக்கு அறிக்கையை மட்டும் வைத்து இதைச் சரிபார்த்துவிட முடியாது.

ஆராய்ச்சியின் நிலையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 2018 மே மாதத்தில் பல்கலைக்கழக மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியபோது, அவற்றில் ஒன்றில் என் கட்டுரையும் இருந்தது. பணம் கட்டித்தான் வெளியிட்டேன். நுகர்வோர் மனநிலையைப் பற்றி 120 பேரிடம் வினாத்தாள் நிரப்பிய அந்தக் கட்டுரை இல்லாமல் போனதால் நுகர்வோருக்கோ வணிகத்துக்கோ எந்த இழப்பும் இல்லை. அதற்குப் பதிலாக மானியக் குழு கொண்டுவந்த கேர் என்ற இதழ்ப் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டது. பட்டியல்கள் மாறினாலும், காலண்டர் தாளைப் படிக்க வேண்டிய ஆசிரியர் வினாத்தாள் நிரப்பிக்கொண்டிருக்கும் நிலை மாறவில்லை.

இனி என் வேண்டுகோள். மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள், வாரத்துக்கு 40 மணி நேரப் பணியையும் அதில் உதவிப் பேராசிரியருக்கு 16 மணி நேர நேரடி வகுப்பையும் வரையறுக்கின்றன. எஞ்சிய நேரம் எங்கே போகிறது என்பதை எங்கள் நிர்வாகத்திடம் கேட்காமல் எங்களிடமே, பெயர் வெளியே தெரியாத வகையில், ஆண்டுக்கு ஒருமுறை கேளுங்கள். சேர்க்கைப் பணி ஆசிரியர் பணி அன்று என்றும், அதைச் சம்பளத்தோடு பிணைக்கும் கல்லூரியின் இடங்கள் குறைக்கப்படும் என்றும், கல்லூரிகளுக்கு அனுமதி தரும் தங்கள் வழிமுறைக் கையேட்டில் ஒரு வரி சேர்த்தால், அந்த ஒரு வரிக்கு நிர்வாகங்கள் பயப்படும். எங்கள் கெஞ்சலுக்குப் பயப்படமாட்டார்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது மேலாண்மை ஆசிரியர் ஒரு மாதம் ஏதேனும் ஒரு தொழிலகத்திலோ மண்டியிலோ பட்டறையிலோ முழுச் சம்பளத்துடன் பணியாற்றவும், அங்கிருந்து ஒரு கேஸ் ஸ்டடியுடன் திரும்பவும் வகை செய்யுங்கள். அது பதவி உயர்வில் ஆய்வுக் கட்டுரைக்கு நிகராக எண்ணப்பட வேண்டும். பங்கேற்புச் சான்றிதழைப் பார்த்துத் திருப்தி அடையாமல், எழுதிய கேஸைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கம் புரட்டினாலே அவர் அங்கே உட்கார்ந்தாரா, கையெழுத்து மட்டும் வாங்கி வந்தாரா என்பது தெரிந்துவிடும்.

கல்லூரி நடத்துகிறவர்களின் சிரமமும் எனக்குத் தெரியும். இடங்கள் காலியாக இருந்தால் எங்களுக்குச் சம்பளமே வராது. அதற்காகச் சேர்க்கைக்கென்று தனி ஆட்களை அமர்த்திக்கொள்ளட்டும். ஒரு நிறுவனம் எந்த வேலைக்கு யாரை அமர்த்த வேண்டும் என்பதைத்தான் நாங்கள் முதல் பருவத்திலேயே பாடமாக நடத்துகிறோம்.

பவர்டேபிள்காரர் மூன்று ஆண்டுக் காலண்டர் தாள்களையும் எனக்காக எடுத்து வைத்திருக்கிறார். மே முதல் வாரம் வருவதாக இந்த முறையும் சொல்லியிருக்கிறேன். சுற்றறிக்கை வர இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
மேலாண்மைத் துறை இணைப் பேராசிரியர் ஒருவர்