வாசல் மணியில் சம்பந்திகள்

டோர்ட்முண்ட், ஜெர்மனி
நவம்பர், ஞாயிறு இரவு

அன்புள்ள மாரி,

நாங்கள் மூவரும் நலம். அங்கே பிள்ளைகள் நலம்தானே? மதினிக்கு மூட்டு வலி தேவலையா? சரி, மரியாதை முடிந்தது.

ஒன்பது மாதமாக ஏன் ஒரு வார்த்தையும் இல்லை என்று உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிடுவாய், அதுவும் எனக்குத் தெரியும். வாட்ஸாப்பில் எத்தனையோ முறை எழுதி எழுதி அழித்தேன். அதில் இரண்டு நீலக் கோடும் விழுந்த பிறகு நீ பேசாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். காகிதம் என்றால் நீ பிரித்தாயா, பிரிக்காமல் பரணில் எறிந்தாயா என்பது இங்கே தெரியப்போவதில்லை. அந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் நீ சிரிக்கிற மாதிரி ஒரு செய்தி.

என் அப்பாவும் என் மாமனாரும் ராசியாகிவிட்டார்கள்.

வேன் விவகாரத்துக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள். அந்த வேனில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இப்போது இரண்டு பேரும் எங்கள் கட்டட வாசலில், அழைப்பு மணிப் பலகையில், ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மேலே சுடலைமுத்து, கீழே இசக்கி. நம் ஊர் எல்லையிலும் சுடலையும் இசக்கியும்தானே பக்கத்தில் பக்கத்தில் காவல் நிற்கிறார்கள். ஆறு வருஷம் முன்னால் நாங்கள் விமானம் ஏறும்போது அவர்களும் கூடவே ஏறிவிட்டார்கள் போலிருக்கிறது.

விஷயம் இதுதான். இங்கே தெருவுக்குப் பெயர் உண்டு, கட்டடத்துக்கு எண் உண்டு, உள்ளே இருக்கும் குடித்தனத்துக்குப் பெரும்பாலும் எண் கிடையாது. மணியிலும் தபால் பெட்டியிலும் குடும்பப் பெயரை ஒட்டிவைக்க வேண்டும். ஒட்டாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். ‘வாத்தியார் வீட்டுக்கு எதிர் வீடு’ என்று எழுதினாலே கொண்டுவந்து கொடுத்து, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றும் கேட்டுவிட்டுப் போவாரே நம் ஊரில், அந்தக் கதை இங்கே நடக்காது. வந்த புதிதில் நான் ‘செந்தில்’ என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டுக் காத்திருந்தேன். குடிவந்த 2 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள், செய்தாயிற்று. வரி எண் தபாலில் வரும் என்றார்கள், வரவில்லை. வங்கி அட்டையும் வரவில்லை. மூன்று வாரம் கழித்து அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர்தான் “உன் குடும்பப் பெயரையா ஒட்டியிருக்கிறாய்?” என்று கேட்டார். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து அவரே விரல் வைத்துக் காட்டினார். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் என் இனிஷியல் ‘எஸ்’ஸை விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதச் சொன்னது நீதான், ஞாபகம் இருக்கிறதா? அத்தனை வருஷம் ஒற்றை எழுத்தாக என் முதுகுக்குப் பின்னால் இருந்த அப்பா, அன்றைக்கு இறங்கி என் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

அதிலிருந்து ஊரெல்லாம் நான் ‘ஹெர் சுடலைமுத்து’தான். (‘ஹெர்’ என்றால் நம் ‘திரு’.) அவர்கள் வாயில் அது ‘ஸூடலைமூட்டு’. ‘மூட்’ என்றால் இவர்கள் பாஷையில் தைரியம் என்று அர்த்தமாம். “உன் பெயருக்குள் தைரியம் இருக்கிறது” என்று மேலாளர் ஒரு நாள் பாராட்டினார். வண்ணார்பேட்டையில் ரோட்டைக் கடக்க யார் கையையாவது பிடித்துக்கொள்ளும் எங்கள் அப்பாவுக்கு! இதுவாவது பரவாயில்லை. அமெரிக்காவில் நம்ம ‘தந்தி’ பயல் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போனான் அல்லவா, அவன் விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று போட்டுவிட்டார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்குச் சுருக்கம் அது. ஆபீஸில் அவனை எல்லோரும் ‘ஃப்னூ’ என்று அன்பாகக் கூப்பிடுகிறார்கள்.

கோமதி பாஸ்போர்ட்டில் அவள் அப்பா பெயர். யாழினி பாஸ்போர்ட்டில் என் பெயர். ஆக இரண்டு அறை வீட்டில் மூன்று குடும்பப் பெயர். மூன்று குடும்பம் இந்த வீட்டுக்குள் எப்படிப் படுக்கிறது என்று கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் முதல் மாதம் நாசூக்காக விசாரித்தார். பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்த்தபோது, மாலையில் அழைக்க வருகிற இந்த சுடலைமுத்து என்பவர் குழந்தைக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். அப்புறம் பழகிவிட்டது. யாழினியின் அப்பா என்பதால் அங்கிருந்த மிஸ் மட்டும் என்னை ‘ஹெர் செந்தில்’ என்பார். இந்த நாட்டில் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள். பிள்ளை பெரிய பள்ளிக்கூடம் போய்விட்டாள், அதுவும் போயிற்று.

மேல் வீட்டுப் பாட்டி கதையைச் சொல்லியே ஆக வேண்டும். அவர் பெயர் ‘ஸ்கி’யில் முடியும். முதல் உலகப் போருக்கு முன்னால் போலந்துக்காரர்கள் லட்சக்கணக்கில் இந்தப் பக்கம் நிலக்கரி வெட்ட வந்தார்களாம், அதில் அவர் வீட்டுக்காரரின் தாத்தாவும் ஒருவர். கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடியாகிவிட்டது, பெயர்கள் மட்டும் எல்லா மணிப் பலகையிலும் மிச்சம். பாட்டி ஒரு நாள் பிளம்ஸ் கேக்கோடு வந்து கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்களும் போலந்துப் பக்கமா?” என்றார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மணிப் பலகையைக் காட்டினார். இசக்கி! நாங்குநேரியைத் தாண்டி வடக்கே அதிகம் போகாத என் மாமனார் போலந்துக்காரர் ஆகிவிட்டார். அப்புறம் பாட்டி சொன்னார், அவர் வீட்டுக்காரரின் சித்தப்பா ஒருவர் வேலைக்காக ‘ஸ்கி’யை வெட்டிவிட்டு ஜெர்மன் பெயர் வைத்துக்கொண்டாராம். ஒரே குடும்பம், ஒரே கல்லறைத் தோட்டம், கல்லில் மட்டும் இரண்டு பெயர். அந்தச் சித்தப்பாவைப் பற்றிப் பேசும்போது இன்னமும் பாட்டிக்குக் குரல் மாறுகிறது.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, போன மாதம் வரை. போன மாதம் குடியுரிமைக்கு விண்ணப்பம் கொடுத்தோம். 2024 ஜூனில் சட்டத்தை மாற்றி 8 வருஷம் என்பதை 5 ஆக்கினார்கள், அதனால் எங்களுக்கு வழி திறந்தது. பரீட்சை 33 கேள்வி, 17 சரியாக இருந்தால் போதும். நான் 31, கோமதி 33. இரண்டு கேள்வியைப் பற்றித் தினமும் கேட்கிறாள். பெரியவர்களுக்குத் தலைக்கு 255 யூரோ. நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது, எனவே அது வந்தால் நம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் கை நடுங்கும் என்று எதிர்பார்த்தேன். நடுங்கவில்லை. எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கை நடுங்கியது வேறு இடத்தில்.

குடியுரிமை கிடைத்ததும் பெயரை இங்கத்திய முறைக்கு ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். கோமதிக்குக் குடும்பத்துக்கு ஒரே பெயர் வேண்டும். விமான நிலையத்தில், ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில் பிள்ளை யாருடையது என்று சொல்லிச் சொல்லி அவளுக்குச் சலித்துவிட்டது. ஆனால் தன் அப்பா பெயரை ஏன் விட வேண்டும் என்றும் கேட்கிறாள். நியாயம்தான். அப்போதுதான் கண்டுபிடித்தாள்: 2025 மே 1 முதல் கணவன் மனைவி இருவர் பெயரையும் சேர்த்தே குடும்பப் பெயராக வைத்துக்கொள்ளலாம், பிள்ளைக்கும் அதையே கொடுக்கலாம். சுடலைமுத்து-இசக்கி. ஆங்கிலத்தில் 18 எழுத்து, நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டை நினைத்து நானும் அவளும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பாட்டி மேலேயிருந்து தரையைத் தட்டிவிட்டார்.

ஊருக்கு போன் போட்டு மாமனாரிடம் சொன்னாள். ஸ்பீக்கரில் வைத்திருந்தாள், நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: “யார் பேர் முதல்ல?”

கோமதி என்னைப் பார்த்தாள். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். அவரே கொஞ்ச நேரம் கழித்து, “அத்தான் மூத்தவுக. அவுக பேரே முதல்ல இருக்கட்டும். ஆனா வேன் விசயத்துல தப்பு அவுக பக்கம்தான், அத மாப்பிள்ளகிட்ட சொல்லிரு” என்று சொல்லி வைத்துவிட்டார். அத்தான் என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அப்பா இருந்து கேட்டிருந்தால்? வேண்டாம், அவர் வேன் டிரைவரின் பெயரைச் சொல்லி மறுபடியும் ஆரம்பித்திருப்பார்.

தீர்ந்தது என்று நினைத்தால் யாழினி மாட்டேன் என்கிறாள். “எனக்கு செந்தில்தான் வடிவா இருக்கு” என்கிறாள். (சனிக்கிழமை தமிழாலயத்துக்குப் போகிறாள், டீச்சர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். வீட்டில் என்னைப் பார்த்து “ஏன் கதைக்கிறீங்கள் இல்ல?” என்று கேட்டால் ஏதோ மாமியாரிடம் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது.) அவள் சொல்வதையும் யோசித்துப் பார்த்தேன். நம் வழக்கத்தில் அப்பன் பெயர் ஒரு தலைமுறைக்கு எழுத்தாகக் கூட வரும், அப்புறம் தானாக உதிர்ந்துவிடும். அப்பாவுக்கு ‘பே’, அதாவது பேச்சிமுத்து. பேச்சிமுத்துவின் இனிஷியல் என்ன? எனக்குத் தெரியாது. உனக்கு உன் தாத்தாவின் அப்பா பெயர் தெரியுமா? யாருக்கும் வருத்தம் இல்லாமல் போய்விட்டார்கள். இங்கே ஒரு முறை எழுதிவிட்டால் அப்படியே நின்றுவிடும். யாழினியின் பிள்ளைக்கும் பேரனுக்கும் சுடலைமுத்து. அவர்களுக்கு அதைச் சரியாகச் சொல்லக்கூட வராது. ஆனாலும் எனக்கு ஆசையாக இருக்கிறது, மாரி. போகாமல் இருக்கட்டுமே என்று இருக்கிறது. அப்படி நினைக்கும்போதெல்லாம் நீ போனில் சொன்னதுதான் காதில் விழுகிறது: “இனியும் வச்சிருக்கக் கூடாதுலே.”

சரி, அதற்கு வந்துவிட்டேன்.

தோஹாவில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தேன். நீ கூப்பிட்டு ஐஸ் பெட்டி தாங்கவில்லை, மாமா உடம்பு தாங்கவில்லை, சாயங்காலம் எடுத்துவிடலாமா என்று கேட்டாய். நான் சரி என்று சொன்னேன். தெளிவாகச் சொன்னேன். மறுநாள் விடியக்காலம் வந்து இறங்கி, வீட்டு முற்றத்தில், அத்தனை பேர் முன்னால், “ஒரு நாள் வச்சிருக்கத் துப்பில்லையா, நீ யாருல எங்க அப்பாவ எடுக்கச் சொல்றதுக்கு?” என்று உன் சட்டையைப் பிடித்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘நீதானே சரி என்றாய்’ என்று. சொல்லியிருந்தால் ஊர் என்னைத்தான் பேசியிருக்கும். நீ சட்டைப் பொத்தானைப் பொறுக்கிக்கொண்டு டீ வாங்கப் போய்விட்டாய். பதினாறாம் நாள் வரை பந்தல், சமையல், ஆற்றங்கரை எல்லாம் நீ பார்த்தாய். நான் உன்னிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

திரும்பி வந்த வாரம் பல் டாக்டரிடம் போயிருந்தேன். உள்ளேயிருந்து அந்தப் பெண் “ஹெர் சுடலைமுத்து” என்று கூப்பிட்டார். நான் உட்கார்ந்தே இருந்தேன். இரண்டாம் முறையும் கூப்பிட்டார். யாராவது எழுந்து போவார்கள் என்று நானும் சுற்றிப் பார்த்தேன்.

மன்னித்துக்கொள் என்று எழுதி இரண்டு தாளைக் கிழித்தாயிற்று, அது நம் இரண்டு பேருக்கும் பழக்கமில்லாத வார்த்தை. டிசம்பர் 20 முதல் மூன்று வாரம் அங்கே இருப்பேன். வாசலில் வந்து நிற்கிறேன், நீ என்ன செய்ய வேண்டுமோ செய். பொத்தான் நல்லதாக உள்ள சட்டை போட்டுக்கொண்டே வருகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு உதவி. இந்த வெட்கங்கெட்டவன் கடைசியில் காரியத்துக்குத்தான் எழுதியிருக்கிறான் என்று திட்டு, பரவாயில்லை. என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ‘சுடலை’, ‘முத்து’ என்று பிரிந்து இருக்கிறது, பாஸ்போர்ட்டில் சேர்ந்து இருக்கிறது. அந்த ஒரு இடைவெளி ஏன் என்று இங்கே விளக்கம் எழுதித் தர வேண்டும். தகரப் பெட்டியில் அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இருக்கும். சாவி உன்னிடம்தானே? அவர் ஆங்கிலத்தில் தன் பெயரை எப்படி எழுதுவார் என்று பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்பு. இத்தனை வருஷம் அவர் பெயரை மாட்டிக்கொண்டு திரிகிறேன், அவர் கையால் எழுதி நான் பார்த்ததே இல்லை.

பதில் எழுதினால் கவரின் மேல் அப்பா பெயரைப் போடு. என் பெயரைப் போட்டால் தனக்கு வந்தது என்று யாழினி பிரித்துவிடுவாள். இப்போது எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கிறாள், நீ எனக்கு எழுதப்போகும் வார்த்தைகளுக்கெல்லாம் அந்த டீச்சரிடம் போய் அர்த்தம் கேட்பாள்.

உன்,
செந்தில்